இரண்டு கணக்கும் டேலி ஆனால் எதை எடுப்பது?

பி.காம் படிக்கிறவனுக்கு நட்சத்திரமும் வைரமும் எதுக்குடா என்று என் வகுப்பிலேயே நாலு பேர் கேட்பார்கள். அவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிவில் வரும் இரண்டு நாயகர்களும் கணக்குத் துறைக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள்தான். சர் சி.வி.ராமன் 1907-ல் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக வேலைக்குச் சேர்ந்து, 1917 வரை சர்க்கார் கணக்கு பார்த்தவர். அவருடைய அண்ணன் ரயில்வே கணக்குத் தணிக்கையில் அதிகாரி. அந்த வேலைக்காக லாகூரில் இருந்தபோது 1910-ல் பிறந்த மகன்தான் சுப்ரமணியன் சந்திரசேகர். ஆகவே நமக்கும் இதில் கொஞ்சம் உரிமை உண்டு :-)

கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்து வைத்துக்கொண்டு படிக்கவும்.

கேள்வி இதுதான். ஒரே விஷயத்துக்கு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. கையில் இருக்கும் ஆதாரங்கள் இரண்டுக்கும் பொருந்துகின்றன. அப்போது விஞ்ஞானிகள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? எந்த அடிப்படையில்?

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்த பதில் ரொம்பச் சுலபம். சோதனை செய்து பார், எது ஜெயிக்கிறதோ அதுதான் உண்மை. சில சமயம் இது அப்படியே நடக்கவும் செய்கிறது. அதற்கு ராமனே நல்ல உதாரணம். கடல் ஏன் நீலமாக இருக்கிறது? வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிப்பதால் என்று பிரிட்டனின் பெரிய இயற்பியலாளர் ரேலி சொல்லியிருந்தார். 1921-ல் இங்கிலாந்து போய்க் கப்பலில் திரும்பிய ராமனுக்கு மத்தியதரைக் கடலைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. கையில் ஒரு நிக்கல் பட்டகம் வைத்திருந்தார். குறிப்பிட்ட கோணத்தில் அதன் வழியாகப் பார்த்தால் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி வெட்டுப்பட்டுவிடும். ரேலி சொன்னது சரி என்றால் அப்போது கடல் நீலத்தை இழக்க வேண்டும். ஆனால் நீலம் போகவில்லை, இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஆக, நீலம் தண்ணீருக்கு உள்ளேயிருந்து வருகிறது. மேல்தளத்தில் நின்றபடியே ஒரு கொள்கை காலி!

ஆனால் இங்கேயே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சோதனை ரேலியின் விளக்கத்தை வீழ்த்தியது, சரி. ராமன் முன்வைத்த விளக்கம், அதாவது நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்பது, முழு உண்மை என்று அதே சோதனை நிரூபித்துவிடவில்லை. தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதற்குத்தான் நீல நிறத்தில் பெரிய பங்கு என்பது இன்றைய விளக்கம். சிதறலுக்கும் பங்கு உண்டு. ஒருவர் தோற்றார் என்பதாலேயே எதிரில் நின்றவர் முழுசாக ஜெயித்தார் என்று ஆகிவிடாது. வீட்டுச் சண்டைகளுக்கும் இது பொருந்தும்.

ஒரே வவுச்சர், இரண்டு லாபம்

எனக்குத் தெரிந்த பாஷையில் ஒரு உதாரணம் சொல்கிறேன். நூல் வாங்குகிறோம். முதலில் 100 கிலோ, கிலோ 200 ரூபாய். அடுத்து 100 கிலோ, கிலோ 240 ரூபாய். 100 கிலோவைத் துணியாக்கி விற்றாயிற்று. விற்ற பணம் 30,000 ரூபாய். வேறு செலவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் எவ்வளவு?

முதலில் வந்தது முதலில் போனது என்று எடுத்தால் நூல் செலவு 20,000, லாபம் 10,000. சராசரி விலையில் எடுத்தால் நூல் செலவு 22,000, லாபம் 8,000. வவுச்சர் ஒன்றே. பில் ஒன்றே. குடோனில் இருக்கும் கோன்களும் அதே கோன்கள்தான். ஆனால் லாபம் இரண்டு! எந்த வவுச்சரைப் புரட்டினாலும் எது "சரியான" லாபம் என்று எழுதியிருக்காது. நீங்கள்தான் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வருஷா வருஷம் மாற்றாமல் அதையே பின்பற்ற வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? 1979-ல் வந்த நம்முடைய முதலாம் கணக்கியல் தரநிலை மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. முன்னெச்சரிக்கை வேண்டும். வெளி வடிவத்தைவிட உள்ளே நடந்ததைப் பார்க்க வேண்டும். படிப்பவர் முடிவை மாற்றக்கூடிய அளவு முக்கியமானதை மறைக்கக் கூடாது. மூன்றுமே நல்ல அறிவுரைதான். ஆனால் மூன்றையும் கணினியில் போட்டால் ஒரே விடை வெளியே வந்து விழாது. இரண்டு நேர்மையான ஆடிட்டர்கள் இதே மூன்றையும் மனசில் வைத்துக்கொண்டு வேறு வேறு முடிவுக்கு வரலாம்.

தாமஸ் கூன் என்ற அமெரிக்கர் அறிவியலைப் பற்றியும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். 1962-ல் அவர் எழுதிய 'அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு' என்ற புத்தகம் பெரிய ரகளையைக் கிளப்பியது. விஞ்ஞானிகள் கொள்கை மாறுவதைக் கும்பல் மனநிலை ஆக்கிவிட்டார் என்று திட்டினார்கள். பிறகு 1977-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவர் விளக்கம் கொடுத்தார். நல்ல கொள்கைக்கு ஐந்து குணங்கள் உண்டு என்றார். அளவீடுகளோடு துல்லியமாகப் பொருந்த வேண்டும். தனக்குள்ளும், நாம் ஏற்றுக்கொண்ட மற்ற கொள்கைகளோடும் முரண்படக் கூடாது. எந்த ஒன்றுக்காக உருவாக்கப்பட்டதோ அதைத் தாண்டியும் வீச்சு இருக்க வேண்டும். எளிமையாக இருக்க வேண்டும். புதிய விஷயங்களைக் கண்டுபிடிக்க வழி திறக்க வேண்டும்.

எல்லா விஞ்ஞானிகளும் இந்த ஐந்தையும் ஒப்புக்கொள்வார்கள். சிக்கல் எங்கே என்றால், ஐந்தும் ஒன்றோடொன்று இழுபறி போடும். கோபர்நிகஸ் 1543-ல் சூரியனை நடுவில் வைத்தபோது, அவருடைய கணிப்புகள் பழைய தாலமியின் கணிப்புகளைவிடப் பெரிதாகத் துல்லியம் இல்லை. பூமி சுற்றுகிறது என்பது அன்றைய இயற்பியலோடும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் ஒரு வகையில் அழகான எளிமை இருந்தது. எளிமைக்கு எத்தனை மார்க், துல்லியத்துக்கு எத்தனை மார்க் என்று யாரும் வினாத்தாள் அச்சடித்துத் தரவில்லை. எடை போடுவது ஆளுக்கு ஆள் மாறும் என்றார் கூன்.

இங்கேதான் எனக்கு உறுத்தியது. கணக்கில் லாபம் எப்படி நாம் தேர்ந்தெடுக்கும் முறையைப் பொறுத்ததோ, அதேபோல அறிவியல் உண்மையும் விஞ்ஞானிகள் தேர்ந்தெடுக்கும் முறையைப் பொறுத்ததா? அப்படியானால் கடைசியில் பெரிய மனுஷன் சொல்வதுதானே சட்டம்? ஜோசியக்காரரும் "அது உங்க கொள்கை, இது எங்க கொள்கை" என்று சொன்னால் நான் என்ன பதில் சொல்வேன்?

பட்டை யாருடையது?

சோதனை இருக்கிறதே என்பவர்களுக்காக எங்கள் ஊர்ப்பக்கக் கதை ஒன்று. என் மாமா ஒருவர் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கணக்கு எழுதுவது நான். ஒரு தடவை அவர் ஓட்டிக் கொடுத்த துணி சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பியபோது, குறுக்குவாட்டில் மெல்லிய பட்டை விழுந்திருந்தது. சாயம் போடுவதற்கு முன்னால் கண்ணுக்கே தெரியாத பட்டை. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். டெபிட் நோட்!

விளக்கம் ஒன்று: மிஷினில் ஒரு ஃபீடரில் இழுவிசை சரியில்லை. அப்படியானால் தப்பு மாமாவுடையது. விளக்கம் இரண்டு: வேறு லாட்டில் வந்த கோன் ஒன்று கலந்துவிட்டது, அது சாயத்தை வேறு மாதிரி பிடித்திருக்கிறது. அப்படியானால் தப்பு நூல் கொடுத்த இடத்தில்.

அது 72 ஃபீடர் மிஷின். எண்ணிப் பார்த்தால் 72 வரிசைக்கு ஒரு முறை பட்டை. ஆகா, ஃபீடர்தான் என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஏனென்றால் ஒரு ஃபீடருக்கு ஒரு கோன். தப்பு ஃபீடரில் இருந்தாலும் 72 வரிசைக்கு ஒரு முறை, கோனில் இருந்தாலும் 72 வரிசைக்கு ஒரு முறை. ஆதாரம் இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது.

மாமா என்ன செய்தார் தெரியுமா? பட்டை விழுந்த வரிசையின் நூலையும் பக்கத்து வரிசை நூலையும் பிரித்தெடுத்தார். நீளம் அளந்தார். இழுவிசைக் கோளாறு என்றால் ஒரு சுற்றுக்கான நூலின் நீளம் மாற வேண்டும். மாறவில்லை. எடை போட்டார். நூலின் கவுண்ட் வேறு என்றால் எடை மாற வேண்டும். அதுவும் மாறவில்லை. அப்புறம் அந்த ஃபீடரில் இருந்த கோனை எடுத்து வேறு ஃபீடரில் மாட்டி ஒரு சின்னத் துண்டு ஓட்டி, தெரிந்த சாயப்பட்டறையில் கெஞ்சி அதே நிறம் போட்டு வாங்கினார். பட்டை கோனோடு சேர்ந்து இடம் மாறியிருந்தது. என்னைக் கேட்டால் கப்பலில் ராமன் செய்ததற்கு இது கொஞ்சமும் குறைந்ததல்ல.

முடிந்ததா? அதுதான் இல்லை. நூல்காரர் வந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஏனுங்க, கோன் மேல லாட் நம்பர் ஒண்ணாத்தானுங்க இருக்குது. உங்க குடோன்ல ஈரத்துல கிடந்திருக்குமுங்க." மாமாவுக்குக் கோபம் வந்தது, எனக்கும்தான். ஆனால் தர்க்கப்படி பார்த்தால் அவர் சொன்னது சாத்தியம்தான்.

பியேர் டூயம் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1906-ல் எழுதியது இதைத்தான். எந்தச் சோதனையும் ஒரு கொள்கையை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்திச் சோதிப்பதில்லை. கூடவே பத்து அனுமானங்கள் வரும். கருவி சரி, லேபிள் சரி, குடோன் காய்ந்து இருந்தது, இப்படி. விடை எதிர்பார்த்தபடி வராவிட்டால் எந்த அனுமானத்தின் தலையில் பழியைப் போடுவது என்று சோதனை சொல்லாது. எப்போதும் ஒரு சந்து இருக்கும்.

கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டால், பாதிப் பாதி. ஆர்டர் கொடுத்தவர் நடுவில் உட்கார்ந்து தீர்த்து வைத்தார். ஆளுக்குப் பாதி நஷ்டம். பாதிப் பட்டை ஃபீடரால், பாதிப் பட்டை கோனால் வந்தது என்று உலகத்தில் எந்தக் கொள்கையும் சொல்லவில்லை. ஆனாலும் சனிக்கிழமை சம்பளம் போட வேண்டியிருந்தது. அடுத்த ஆர்டரும் வேண்டியிருந்தது. உண்மை வெளிவரும் வரை காத்திருக்கும் வசதி இல்லாத இடத்தில், பேரம்தான் தீர்ப்பு சொல்கிறது.

அறிவியலிலும் இப்படித்தானா என்று பார்க்க, சித்தப்பா, அண்ணன் மகன் இரண்டு பேரின் கதைக்கும் வருவோம்.

அண்ணன் மகன்

சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து முடித்த சந்திரசேகர், 1930 ஜூலை கடைசியில் பம்பாயில் கப்பல் ஏறினார். வயது 19. கேம்பிரிட்ஜ் போகும் வழியில் கப்பலில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார்.

வெண்குறுமீன் என்று ஒரு வகை நட்சத்திரம் உண்டு. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போனது. சிரியஸ் பி அதில் ஒன்று. எடை கிட்டத்தட்ட சூரியன் அளவு, உருவம் கிட்டத்தட்ட பூமி அளவு. இது ஏன் இன்னும் நசுங்காமல் நிற்கிறது என்பதற்கு 1926-ல் ஃபவுலர் என்பவர் குவாண்டம் விதிகளை வைத்து விளக்கம் கொடுத்திருந்தார். நெருக்கி அடுக்கிய எலக்ட்ரான்கள் எதிர்த்துத் தள்ளுகின்றன என்பது அவர் விளக்கம். அதன்படி எந்த எடை நட்சத்திரமும் கடைசியில் வெண்குறுமீனாகி நிம்மதியாக அடங்கிவிடலாம். சந்திரசேகர் கவனித்தது, அந்த நெருக்கத்தில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும் என்பதை. ஐன்ஸ்டைனின் சார்பியலையும் கணக்கில் சேர்த்தால் ஒரு வரம்பு வந்து நிற்கிறது. சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால் எலக்ட்ரான்களால் தாங்க முடியாது. ஸ்டோனர், ஆண்டர்சன் என்ற இருவரும் அதே காலத்தில் இப்படி ஒரு வரம்பை எட்டியிருந்தார்கள். அதை முழு நட்சத்திரத்துக்கும் ஒழுங்காகப் போட்டு, விளைவு என்ன என்று விடாப்பிடியாகக் கேட்டவர் சந்திரசேகர்.

1935 ஜனவரி 11. லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டம். சந்திரசேகர் தன் முழுக் கணக்கையும் வைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். 1919 சூரிய கிரகணத்தில் நட்சத்திர ஒளி வளைவதை அளந்து ஐன்ஸ்டைனை உலகப் புகழ் ஆக்கியவர். நட்சத்திரங்களின் உள்ளமைப்பு பற்றி அன்றைக்கு அவர் எழுதியதுதான் வேதம். சந்திரசேகர் கணக்குப் போட்ட மாதங்களில் அவர் அறைக்கே அடிக்கடி வந்து விசாரித்துப் போனவரும் அவர்தான். அவர் எழுந்து, இந்த வரம்பு உண்மையென்றால் பெரிய நட்சத்திரம் சுருங்கிச் சுருங்கிச் சில கிலோமீட்டர் அளவுக்கு வந்து, ஒளியே வெளியேற முடியாத நிலைக்குப் போய்விடும், இது அபத்தம், நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடப்பதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். சபை சிரித்தது.

கவனியுங்கள், அவர் கணக்கில் தப்பு காட்டவில்லை. சார்பியலையும் குவாண்டம் விதியையும் இப்படிச் சேர்த்ததே தப்பு என்றார். கூனின் பட்டியல்படி பார்த்தால் எடிங்டன் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை. மற்ற எல்லாவற்றோடும் முரண்படாமல் இருக்க வேண்டும் என்ற குணத்துக்கு அதிக மார்க் போட்டார். இயற்கை இப்படியெல்லாம் நடக்காது என்ற தன் அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டார். தீர்த்து வைக்க அன்று வானத்தில் சாட்சியும் இல்லை. தெரிந்திருந்த வெண்குறுமீன்கள் ஒரு சிலதான், அவை வரம்புக்குள்ளேயே இருந்தன. 72 வரிசைப் பட்டை மாதிரி!

இன்னொரு வேடிக்கை. கார்ல் பாப்பர் என்ற தத்துவவாதி, தான் தோற்கக்கூடிய இடத்தை முன்கூட்டியே சொல்லும் கொள்கைதான் அறிவியல் என்று 1934-ல் புத்தகம் எழுதினார். அவருக்கு முன்மாதிரியாக இருந்தது இதே எடிங்டனின் 1919 கிரகணச் சோதனை! அடுத்த ஆண்டே அதே எடிங்டன் வேறு தராசைக் கையில் எடுக்கிறார்.

இயற்பியலாளர்கள் என்ன செய்தார்கள்? சந்திரசேகர் உதவி கேட்டு எழுதியபோது போர், பவுலி போன்றவர்கள் எடிங்டன் சொல்வதில் பொருள் இல்லை என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். பொதுவில் வந்து சொல்ல யாரும் அவசரப்படவில்லை. டிராக், பையர்ல்ஸ், பிரைஸ் மூவரும் எடிங்டனை மறுத்துக் கட்டுரை வெளியிட்டது 1942-ல்தான். அதற்குள் சந்திரசேகர் 1937-ல் அமெரிக்கா போய், 1939-ல் எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக எழுதி முடித்துவிட்டு, வேறு துறைக்கு நகர்ந்துவிட்டார்.

1967-ல் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி பல்சர்களைக் கண்டுபிடித்தார். அவை நியூட்ரான் நட்சத்திரங்கள், வெண்குறுமீன் நிலையையும் தாண்டிச் சுருங்கியவை. கண்டுபிடித்த இடம் எடிங்டனின் அதே கேம்பிரிட்ஜ். 1970-களில் கருந்துளைகளுக்கான ஆதாரமும் சேர ஆரம்பித்தது. எடிங்டன் அபத்தம் என்று சொன்னதை இயற்கை கூசாமல் செய்துகொண்டிருந்தது. 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு.

சித்தப்பா

இந்தக் கதையை மட்டும் சொன்னால் பெரியவர்கள் தப்பு, சின்னப் பையன் சரி என்று சினிமா மாதிரி முடிந்துவிடும். ராமனின் கதை அதைக் கெடுக்கிறது. அதனால்தான் எனக்கு அது பிடிக்கும்.

ஹிட்லரால் ஜெர்மனியை விட்டு வெளியேறிய மாக்ஸ் போர்னை 1935-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்து வந்தவர் ராமன். நிரந்தர வேலையும் வாங்கித் தர முயன்றார், நடக்கவில்லை. போர்ன் எடின்பரோ போய்விட்டார். பிறகு 1940-களில் இருவருக்கும் பெரிய சண்டை. விஷயம், வைரம் போன்ற படிகங்களில் அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பது.

போர்னின் பழைய கொள்கைப்படி அதிர்வெண்கள் தொடர்ச்சியாகப் பரவியிருக்கும். வீணைக் கம்பியில் விரல் இழுத்துக்கொண்டே போவது மாதிரி. ராமன், இல்லை, ஹார்மோனியக் கட்டை மாதிரி தனித்தனியாகச் சில அதிர்வெண்கள் மட்டுமே உண்டு என்றார். வெறும் பிடிவாதம் அல்ல, கையில் ஆதாரம் இருந்தது. பெங்களூரில் ஆர்.எஸ்.கிருஷ்ணன் எடுத்த வைரத்தின் நிறமாலையில் கூர்மையான முகடுகள் தெரிந்தன. தொடர்ச்சியான அதிர்வெண் என்றால் கூர்முகடு எங்கிருந்து வரும்? கண்ணால் பார்த்ததை நம்பு என்பவர் அன்று ராமன் பக்கம்தான் நின்றிருப்பார். மேலும் ராமன் நோபல் பரிசு பெற்றவர், போர்னுக்கு அப்போது கிடைத்திருக்கவில்லை.

1948-ல் போர்னின் மாணவி ஹெலன் ஸ்மித், போர்னின் கொள்கையை வைத்தே வைரத்தின் நிறமாலையைக் கணக்கிட்டு அந்த முகடுகளுக்கு விளக்கம் கொடுத்தார். 1953-ல் வான் ஹோவ், அதிர்வெண்கள் தொடர்ச்சியாக இருந்தாலும் படிகத்தில் சில இடங்களில் கூர்மையான மாற்றம் வந்தே தீரும் என்று கணித ரீதியாகக் காட்டினார். அதாவது, ராமனின் ஆதாரம் போர்னின் கொள்கைக்குள்ளேயே இயல்பாக அடங்கிவிட்டது. 1950-களில் கனடாவில் பிராக்ஹவுஸ் நியூட்ரான்களைப் படிகங்களில் மோதவிட்டு அதிர்வெண்களை நேரடியாகவே அளந்தார். தொடர்ச்சியாகத்தான் இருந்தது. அந்த முறைக்கு 1994-ல் நோபல் கிடைத்தது. ராமன் 1970-ல் இறக்கும் வரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆக, ஒரே குடும்பத்தில் இரண்டு பேர். சபையே சிரித்த அண்ணன் மகன் ஜெயித்தார். சபையே மதித்த சித்தப்பா தோற்றார். பதவி இருப்பவர் தோற்பார் என்றோ, எதிர்த்து நிற்பவர் ஜெயிப்பார் என்றோ விதி எதுவும் இல்லை. தீர்ப்பு வர ஒன்றுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது, இன்னொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம்.

கணக்கை முடிக்கும் நாள்

இப்போது என் நூல் கணக்குக்குத் திரும்பி வருகிறேன். அந்த இரண்டு முறைகளில் ஒரு முக்கியமான விஷயத்தை வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தேன். மிச்சமிருக்கும் 100 கிலோவையும் அதே 30,000 ரூபாய்க்கு விற்றுவிடுங்கள். முதல் முறைப்படி இரண்டாவது லாபம் 6,000, மொத்தம் 16,000. சராசரி முறைப்படி இரண்டாவது லாபம் 8,000, மொத்தம் அதே 16,000. கடையை மூடும் நாளில் வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது! இரண்டும் போட்டிக் கொள்கைகளே அல்ல. ஒரே உண்மையை வருஷங்களுக்கு இடையில் பங்கு போடும் இரண்டு வழிகள். அதனால்தான் அங்கே எதைத் தேர்ந்தெடுத்தாலும் உலகம் கோபித்துக்கொள்வதில்லை.

எடிங்டனும் சந்திரசேகரும் அப்படியல்ல. காலம் போகப் போக அவர்களின் வித்தியாசம் கரையவில்லை, கூடிக்கொண்டே போனது. கணக்கு முடிக்கும் நாளில் வானத்தில் நியூட்ரான் நட்சத்திரம் ஒன்று இருக்கிறது, அல்லது இல்லை. இரண்டு பேருக்கும் பாதிப் பாதி என்று தீர்க்க முடியாது.

கூன் சொன்ன ஐந்து குணங்களை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அந்தக் கடைசி நாள் வருவதற்கு முன்னால், எந்தப் பக்கம் நின்று வேலை செய்வது என்று முடிவெடுக்க உதவும் தராசுகள் அவை. ஆளுக்கு ஆள் எடை மாறுவதும் ஒரு வகையில் நல்லதுதான். எல்லோரும் ஒரே தராசு வைத்திருந்தால் 1935-ல் எல்லோருமே எடிங்டன் பக்கம் போயிருப்பார்கள், அந்த வரம்பைத் தொடர்ந்து கணக்குப் போட ஆளே இருந்திருக்காது. ஆனால் தராசு என்பது தீர்ப்பு அல்ல. தீர்ப்பு வெளியிலிருந்து வருகிறது.

ஜோசியக்காரருக்கும் எனக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. அவருடையது கொள்கையா இல்லையா என்று சண்டை போட மாட்டேன். எந்த நாளில், எதைப் பார்த்தால் நீங்கள் தோற்றதாக ஒப்புக்கொள்வீர்கள் என்று மட்டும் கேட்பேன். ராமன் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அவருடைய கொள்கைக்கு அப்படி ஒரு நாள் இருந்தது, அது வந்தது. அந்த நாளே இல்லாத பேச்சுக்கு ஐந்து குணங்களில் எத்தனை இருந்து என்ன?

நம் ஊர் விஷயத்தில் எனக்கு வருத்தம் இதுதான். அறிவியலுக்குக் காத்திருக்க நேரம் இருக்கிறது. ஜாப் ஒர்க் செய்பவருக்கு இல்லை. அதனால் முன்னாலேயே பேசி வைப்பதுதான் வழி. பட்டை விழுந்தால் என்ன சோதனை, கோன் இடம் மாறினால் யார் பொறுப்பு, குடோன் ஈரத்தை யார் எப்போது பார்ப்பது என்று ஆர்டர் எடுக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். விடை தெரிவதற்கு முன்னால் ஒத்துக்கொண்ட சோதனைக்குத்தான் மரியாதை. விடை தெரிந்த பிறகு சந்து தேடுவது யாருக்கும் சுலபம்.

சந்திரசேகரைப் பற்றி இன்னும் ஒன்று மட்டும். 1982-ல் எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் பேச அவரைக் கூப்பிட்டார்கள். போனார். எடிங்டனைத் தன் காலத்தின் மிகச் சிறந்த வானியற்பியலாளர் என்று பாராட்டினார். அந்தப் பழைய சண்டையையும் மறைக்காமல் சொன்னார். வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம், இரண்டையும் எழுதினார். கணக்குத் துறைக் குடும்பம் அல்லவா :-)